பறவை ஓவியமும் ஒற்றை ஒளிப்படமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி ஓவியப் போட்டிகளில் மாணவர்கள் பறவைகளை மிகுந்த ஆர்வத்துடன் வரைகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் கிடைத்த ஒரே ஒளிப்படத்தைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதை நான் குறை கூறவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் பறந்துவிடும் உயிரை நிதானமாகக் கவனிக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஒற்றைப் படத்தை நம்பும்போது, அது காட்டாத பகுதிகளை மாணவர்கள் ஊகத்தால் நிரப்பிவிடுகிறார்கள் என்பதே என் கவலை.

கால்களைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். மைனாவுக்கு முன்னே மூன்று விரல்களும் பின்னே ஒன்றும் இருக்கும். கிளிக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. மீன்கொத்திக்கோ முன்விரல்கள் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். படத்தில் கால்களை இலை மறைத்துவிட்டால் எல்லாப் பறவைகளுக்கும் கோழிக்கால் முளைத்துவிடுகிறது. நாரையின் காலில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் அன்று, கணுக்கால் என்பதையும், உண்மையான முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது என்பதையும் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும், அவர்கள் வரையும் நாரை தாளில் உறுதியாக நிற்கும்.

நிறத்திலும் இதே சிக்கல் உண்டு. வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகில் நாம் காணும் நீலம் நிறமியால் உண்டானதன்று, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. ஆகவே வெயிலில் எடுத்த படத்தில் பளீரென்றும் நிழலில் எடுத்ததில் மங்கலாகவும் தெரியும். பனங்காடை அமர்ந்திருக்கும் படத்தை மட்டும் பார்த்தவருக்கு, அது சிறகை விரிக்கும்போது வெளிப்படும் நீலப் பட்டைகளின் அழகு தெரிய வாய்ப்பே இல்லை.

எனவே போட்டி நடத்துவோர், ஒரு பறவையைப் பல கோணங்களில் காட்டும் படங்களைப் பார்த்து வரைந்த பென்சில் முன்வரைவுகளையும் ஓவியத்துடன் கேட்டுப் பெற்று, அவற்றுக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும். ஒளிப்படமும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கலைப்படைப்பே என்பதால், எடுத்தவரிடம் அனுமதி பெறும் பழக்கத்தையும் மாணவர்களுக்குக் கற்பிக்கலாம். எங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. அத்தகைய இடங்களுக்கு மாணவர்களை வரைதாளுடன் அழைத்துச் செல்லப் பள்ளிகள் முன்வர வேண்டும். அங்கே அவர்கள் வரைந்து வரும் முன்வரைவுகளுக்குத் தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
திருநெல்வேலி