அப்டேட் எப்போன்னு நீயும் கேட்டுறாத

மாப்ள,

உன் மெசேஜ் பாத்தேன். புது டீம் செட் ஆயிருச்சுன்னு சொன்னது சந்தோஷம்டா, பாப்பா நடக்குற வீடியோ இருந்தா அனுப்பு. இங்க ஒரே ரகளை. போன மாசமே கஸ்டமருக்கு போயிருக்க வேண்டிய எங்க சாஃப்ட்வேரோட புது வெர்ஷன் இன்னும் டெஸ்டிங்லயே கெடக்கு. ப்ரோக்ராம் கோடு எழுதுறதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது, பழைய டேட்டாவ புது டேட்டாபேஸுக்கு மாத்துற மைக்ரேஷன்தான் உயிர வாங்குது, டெஸ்ட் டேட்டாவுல சமத்தா ஓடும், கஸ்டமரோட நெஜ டேட்டாவ கொடுத்தா பாதியில படுத்துரும், ஏன்னா தேதி போட வேண்டிய எடத்துல எவனோ "அப்புறம் கேக்கணும்"னு டைப் பண்ணி வெச்சிருக்கான்.

இதுல கடுப்பு என்னன்னா ரிலீஸ் தேதிய நாங்க கொடுக்கவே இல்ல. டெமோ காட்டும்போதே சேல்ஸ்ல வாய விட்டுட்டாங்க. டெமோல பட்டன அமுக்குனா வேல செய்யுதே, அப்புறம் என்னன்னு கஸ்டமர் கேக்குறார், அவர் பக்கம் நியாயம்தானே.

சின்ன அப்டேட்தானே, தள்ளிவிடுங்கன்னு மேல இருந்து ஒரே பிரஷர். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, க்ரவுட்ஸ்ட்ரைக்னு அந்த கம்ப்யூட்டர் செக்யூரிட்டி கம்பெனி அனுப்புன ஒரே ஒரு கோளாறு அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்து ஃப்ளைட்டெல்லாம் நின்னுச்சே, அதுவும் சின்ன ஃபைல்தான்னு சொன்னேன், கப்சிப். அதான் கொஞ்சம் பேருக்கு மட்டும் மொதல்ல விட்டு பாக்கலாம்னு இருக்கோம், ஆனா அதுக்கும் "அவருக்கு வந்துருச்சு எனக்கு ஏன் வரல"ன்னு கம்ப்ளெயின்ட் டிக்கெட் வரும் பாரு.

ஒண்ணு மட்டும் எனக்கு இப்ப நல்லா புரியுதுடா. கஸ்டமருக்கு லேட்டாகுறது பெரிய கோவம் இல்ல. நாம "அடுத்த வாரம்"னு சொன்னத நம்பி அவர் தன் மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வந்துருக்கார், நாம திரும்ப "அடுத்த வாரம்"ங்கும்போது அவர்தான் அங்க பொய்யர் ஆகுறார். அதனால ரிலீஸ் தேதியே சொல்லாம, எது முடிஞ்சுது, எது மாட்டிக்கிட்டு இருக்கு, அதுவரைக்கும் எப்படி சமாளிக்கலாம், அடுத்த தகவல் வெள்ளிக்கிழமைன்னு மெயில் போடுறேன், சொல்ல புதுசா ஒண்ணும் இல்லன்னாலும் வெள்ளிக்கிழமை மெயில் போயிரும். ஃபோன் கொறஞ்சிருக்கு. சேல்ஸ்காரங்களுக்குத்தான் பிடிக்கல, இப்படி வெளிப்படையா எழுதுனா கஸ்டமர் ஓடிருவார்ங்குறாங்க.

உங்க டீம்ல இந்த மெயில யார் எழுதுவாங்க, நீங்களா சப்போர்ட்டா? பழசு ஒண்ணு இருந்தா பேர எல்லாம் அழிச்சுட்டு அனுப்பு, எங்க ஆளுங்ககிட்ட காட்டணும்.

உன் பழைய ரூம்மேட்