விழுந்தவருக்கு அப்புறம் என்ன ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னையிலிருந்து விழுந்தவர், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார் என்று உங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி சின்னதாக ஒரு செய்தி வருகிறது. 'மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார்' என்பதோடு அது முடிந்துவிடும். அதற்கு அப்புறம் நடப்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நானும் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவன்.

ஆபரேஷன் செய்து முதுகில் கம்பி வைத்தார்கள், தையல் பிரித்தார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி நடக்க முடியுமா என்று கேட்டால் 'போகப் போகப் பார்க்கலாம்' என்பதோடு சரி. வீட்டுக்கு வந்ததும் பிடித்தது பாருங்கள் பயம், ராத்திரியில் மூத்திர டியூப் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது, புரட்டிப் போட்டால் கம்பி நகர்ந்துவிடுமோ என்று எனக்கும் பயம், என் மனைவிக்கு அதைவிடப் பயம், இப்படித் தொடவே பயந்து மல்லாக்கவே கிடந்ததில் இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்து உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்துவிட்டது. உணர்ச்சி இல்லாத இடம், வலிக்கவா போகிறது? நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் தைரியமாக இரு என்றுதான் சொன்னார்கள். எனக்குத் தைரியம் வந்தது ஒரு மறுவாழ்வு மையத்தில், அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தவரே வீல்சேரில் இருந்தவர், பனையேறி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படு, வீல்சேரில் இருந்தால் அவ்வப்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கு, தினமும் கண்ணாடி வைத்து முதுகைப் பார், டியூபை நிரந்தரமாக மாட்டி வைக்காமல் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை நீயே போட்டு எடு என்று அவர் தன் உடம்பிலேயே செய்து காட்டினார். கழுத்தில் அடிபட்டவர்களுக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து வியர்த்தால் முதலில் டியூப் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ரத்த அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் எப்படி அனுப்புகிறார்கள்?

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் வீல்சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார், அவர் முயற்சியில் 1966-லேயே வேலூரில் மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981-ல் தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்களைச் சாதனையாளர்கள் என்று எழுதுகிறீர்கள், சரி. ஆனால் இப்படி இடங்கள் இருப்பதே விழுந்தவன் வீட்டுக்கு யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

முதுகெலும்பு உடைந்தவரை வீட்டுக்கு அனுப்பும் முன் அவருக்கும் வீட்டில் ஒருவருக்கும் டியூப் போடுவதையும் புரட்டுவதையும் கையில் செய்ய வைத்துப் பழக்க வேண்டும், டிஸ்சார்ஜ் சீட்டிலேயே பக்கத்து மறுவாழ்வு மையத்தின் முகவரியை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையை உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி போடும்போது கீழே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள், கை காலைப் பிடித்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள், கழுத்தும் முதுகும் அசையாமல் அப்படியே படுக்க விட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொள்ளாச்சி