தலையில் அடிபட்டவனை மறுபடி களத்தில் இறக்குவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை முடிந்துவிட்டால் எங்கள் நீடாமங்கலம், மன்னார்குடி வட்டாரத்தில் மின்னொளிக் கபடிக்குக் குறைவே இல்லை. அண்மையில் ஓர் ஊரில் நடந்த போட்டியில், பாடி வந்தவனின் காலைப் பிடிக்க இருபுறமும் பாய்ந்த இரண்டு பேர் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் எழவில்லை. தலையில் தண்ணீரைக் கொட்டி எழுப்பினார்கள். 'சிங்கம் எழுந்துவிட்டது!' என்றது ஒலிபெருக்கி, விசில் பறந்தது. சிங்கம் எதிரணிப் பக்கம் போய் நின்றது. தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார்கள். 'எத்தனை புள்ளி?' என்று கேட்டான். பதில் சொன்ன கையோடு அதையே மறுபடி கேட்டான். அவனைத்தான் கடைசிவரை ஆட வைத்தார்கள். முழங்கால் பிசகியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்!

நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பதில்லை. தடுமாற்றம், குமட்டல், கேட்டதையே கேட்பது எல்லாமே அதன் அறிகுறிகள்தான். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அது ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால், அரிதாக மூளை வீங்கி உயிரே போய்விடும். இளவயதினருக்கே இந்த ஆபத்து அதிகம்.

அறிகுறி உடனே தெரியவேண்டும் என்றும் இல்லை. 2019 ஆகஸ்டில் லண்டனின் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனையில் தேறி, அன்றே திரும்பிவந்து பேட் செய்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் சோர்வும் தெரிந்தன. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டில் இப்படி மாற்று வீரர் இறங்கியது அதுவே முதல் முறை. மருத்துவர் கூடவே இருக்கும் அணிக்கே இந்த நிலை.

கிரிக்கெட்டில் அதற்கென்று புது விதி எழுதவேண்டியிருந்தது. கபடியில் அந்தச் சங்கடமே இல்லை. ஏழு பேர் களத்தில் ஆட, மாற்று வீரர்கள் வெளியே உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு போட்டி நோட்டீஸிலும் 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று அச்சடிக்கிறோம். அதன் கீழே 'தலையில் அடிபட்டவர் அன்று மறுபடி ஆட அனுமதியில்லை' என்று ஒரு வரி சேர்க்க விழாக் குழுவினரை வேண்டுகிறேன். அடிபட்டவனை அன்றிரவு வீட்டில் தனியே விடவும் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.