செவ்வந்திக்குக் கறுப்புத் துணி எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொலித்தீன் குடிலில் வெட்டுப்பூவுக்குச் செவ்வந்தி வளர்ப்பது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளைப் பக்கம் பல வருடமாக இதே வேலையில் இருப்பவன், அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

மாலையில் கறுப்புத் துணி போர்த்திப் பகலைக் குறைத்தால்தான் மொட்டு வரும் என்று அதில் எழுதியிருக்கிறது. கோடையில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும் ஒல்லாந்தில் அது சரி. நமக்கு ஜூன் மாதத்தில்கூடப் பகல் பன்னிரண்டரை மணி நேரம்தானே? பகல் சுமார் 13½ மணி நேரத்துக்குக் குறைந்தாலே பெரும்பாலான வகைகள் மொட்டு வைக்கத் தொடங்கிவிடும், ஆக இங்கே வருடம் முழுக்க அது பூக்கத்தான் அவசரப்படும். பூ வரவில்லையே என்ற கவலை நமக்கு இல்லை. ஒரு சாண் தண்டில் பூத்துவிடுகிறதே, அதை எந்தப் பூக்கடைக்காரர் வாங்குவார்?

அதற்காகத்தான், பகல் நீளம் என்று செடி நினைத்து மொட்டைத் தள்ளிப்போட, நட்டதிலிருந்து ஏறக்குறைய நாலு கிழமைக்கு இரவில் பல்ப் போடுகிறோம். தண்டு நீண்ட பிறகு அணைத்துவிட்டால், வகையைப் பொறுத்து 8 முதல் 10 கிழமையில் வெட்டலாம், குளிர் கூடினால் கொஞ்சம் பிந்தும். நானும் முதலில் மாலை 6 மணி முதல் 10 மணி வரைதான் எரித்தேன். 2022இல் மின்வெட்டு வந்ததே, அப்போது ஒரு குடில் முழுக்க முழங்கால் உயரம் வருமுன்னே மொட்டு வைத்துவிட்டது, மனுசி திட்டியது தனிக்கதை. மாலையில் பொழுதை நீட்டுவதைவிட, நடு இரவில் விளக்குப் போட்டு நீண்ட இருட்டை உடைப்பது நல்லது என்று அப்புறம்தான் புரிந்தது. இப்போது இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை. அதுவும் தொடர்ந்து எரியத் தேவையில்லை, அரை மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் எரிந்தாலும் செடி ஏமாந்துவிடும், ஒரு டைமர் வாங்கிப் பூட்டினால் கரண்ட் பில்லும் குறையும். தாய்ச்செடிக்கு மட்டும் விளக்கை நிறுத்தவே கூடாது. அது மொட்டுக்குப் போனால் அடுத்த நடவுக்கு வெட்ட நல்ல நுனி கிடைக்காது.

இன்னொன்று, வெள்ளைத் துரு நோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இலையின் மேலே மஞ்சள் புள்ளி, திருப்பிப் பார்த்தால் வெள்ளையாகக் கொப்புளம். மழை படாவிட்டால் போதும் என்று பக்கத் திரைகளை எல்லாம் இறக்கி மூடிவிடுகிறார்கள், உள்ளே விடிய விடிய இலையில் ஈரம் நிற்கிறது. பிறகு நோய் வராமல் என்ன செய்யும்? நம் மூடுபனிக்குக் காற்றோட்டம்தான் முதல் மருந்து.

தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்து லயத்துப் பொடியன் ஒருவன் கறுப்புத் துணி வாங்கக் காசு சேர்க்கிறான், நான் வேண்டாம் என்றால் “இங்க போட்டிருக்கே, அண்ணே” என்று உங்கள் இதழைத்தான் எடுத்துக் காட்டுகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கந்தப்பளை