கடல் தாண்ட எத்தனை அடிப் படகு வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இதழில் பாய்மரப் படகில் பெருங்கடல் தாண்டுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். தமிழில் இதை எழுதியதே பெரிய சந்தோஷம். ஆனால் "குறைந்தது 45 அடிப் படகு வேண்டும்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. என் தம்பி மகன் பினாங்கில் வேலை பார்க்கிறான். சேமிப்பில் ஒரு பழைய படகு வாங்கி, பெண்டாட்டியோடு நாகப்பட்டினம் வரை பாய் விரித்தே வந்து சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தேடுகிறான். எங்கள் ஐயா ரஜூலா கப்பலில் போய் வந்த அதே வழி. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, "பெரியப்பா, கடன் வாங்கியாவது பெரிசாப் பார்க்கட்டுமா?" என்று போனில் கேட்கிறான். சரக்குக் கப்பலில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவன் நான், அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

கட்டுரையில் நம் கடற்படையின் பாய்மரப் படகு தாரிணியைக் காட்டியிருந்தீர்கள். கடற்படை அதிகாரிகள் தில்னாவும், புதுச்சேரிப் பெண் ரூபாவும் இரண்டே பேராக 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே கடைசியில் உலகைச் சுற்றித் திரும்பியதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. தாரிணி 56 அடி, சரி. ஆனால் அது தென்கடலின் குளிரிலும் அலையிலும் போக, கடற்படையே பின்னால் நின்று தயார் செய்த படகு. சம்பளக்காரர் ஒருவர் வாங்கும் படகுக்கு அது அளவுகோல் ஆகாது. 1968-69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய சுஹைலி வெறும் 32 அடிதான். பம்பாயில் தேக்கில் கட்டிய படகு, 312 நாள் தாங்கியது. எங்கள் வீட்டு முகப்பில் பர்மாத் தேக்குத் தூணைத் தொட்டுத் தொட்டு வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்தப் படகின் மேல் தனிப் பாசம் உண்டு. அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால், நம் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி, தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் 2023இல் இரண்டாவதாக வந்தது 36 அடிப் படகில்.

நீளம் கூடினால் செலவும் அதே கணக்கில் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 30 அடியை அதே வடிவத்தில் 45 அடி ஆக்கினால் எடை மூன்று மடங்கைத் தாண்டிவிடும், பாய், கயிறு, நங்கூரம், எஞ்சின் எல்லாமே அதற்கேற்பப் பெருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று ஏறும்போது பாயைச் சுருக்கப் போவது ஒற்றை ஆள். இன்னொருவர் தூக்கத்தில் இருப்பார். அந்த ஒற்றை ஆளின் கைக்கு அடங்குகிற பாய்தான் சரியான பாய்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் கீல், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கனமான பகுதி. மொத்த எடையில் முப்பத்தைந்து, நாற்பது சதவீதம் அங்கே ஈயமாகவோ இரும்பாகவோ கிடக்க வேண்டும். படகு 120 பாகை வரை சாய்ந்தாலும் தானே நிமிர்கிறதா என்று அதன் சாய்வுக் கணக்கு வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். சுக்கான் தனியாகத் தொங்காமல், முன்னால் ஒரு தாங்கலோடு இருந்தால் மிதக்கும் மரக்கட்டை இடித்தாலும் தப்பிக்கும். 1979இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியில் புயல் அடித்து 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப் போன படகுகள் 24, அதில் மூழ்கியவை ஐந்துதான், மற்றவை பிறகு மிதந்தபடியே கிடைத்தன. அதை வாசித்த நாளிலிருந்து படகின் அழகை நான் பார்ப்பதே இல்லை, உறுதியைத்தான் பார்க்கிறேன்.

போன வருஷம் லங்காவியில் அவனோடு ஒரு 44 அடிப் படகு பார்க்கப் போனேன். உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி விசாலம், இரண்டு ஃபிரிட்ஜ், சோபா. வளவு அகலமாக இருந்தால் வீட்டுக்கு அழகு, ஆனால் படகில் அலை தூக்கிப் போடும்போது கை நீட்டினால் பிடி கிடைக்க வேண்டும், அங்கே பிடிக்க ஒன்றுமே இல்லை. தரைப்பலகை ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்தேன். கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் மூன்றைச் சுற்றிக் காவி நிறத்தில் ஈரம் கசிந்திருந்தது. விரலால் தொட்டு அவனிடம் காட்டினேன். விற்கிறவர் "மழைத் தண்ணீர்" என்றார். அப்புறம், பாய்மரக் கம்பிகள் படகோடு சேரும் எஃகுப் பட்டை ஒன்றில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். கம்பிகளை மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை அவை. விலையில் பாதியை ரிப்பேருக்கே கொடுக்க வேண்டியிருந்திருக்கும். பேசாமல் இறங்கி வந்துவிட்டோம்.

வேகம் பற்றியும் கவலை வேண்டாம். தண்ணீர் தொடும் நீளம் 25 அடி இருந்தால் ஆறரை நாட், அதாவது மணிக்கு ஆறரைக் கடல் மைல் வரை போகும், சராசரி ஐந்து என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 120 கடல் மைல். பினாங்கிலிருந்து நாகை 1,200 மைலுக்குக் கொஞ்சம் மேலே, பத்து பதினொரு நாள். இரண்டு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு எட்டு லிட்டர் என்றால், தாமதத்துக்கும் சேர்த்து 200 லிட்டர் தண்ணீர் போதும். அதை 34 அடிப் படகு தாராளமாகச் சுமக்கும். மின்சாரமே கேட்காமல் காற்றின் திசையை வைத்தே சுக்கானைத் திருப்பும் கருவி ஒன்று பின்னால் மாட்டிவிட்டால், இரண்டு பேரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்கலாம். மிச்சப் பணம் இருந்தால் புதுப் பாய்க்கும் உயிர்காப்புத் தெப்பத்துக்கும் போகட்டும்.

அடுத்த தடவை எழுதும்போது அடிக்கணக்கோடு இவற்றையும் சேர்த்துப் போடுங்கள், பருவத்தையும் போடுங்கள். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்காற்று சீராக இருக்கும், நிக்கோபாரைத் தாண்டினபின் அது வலப்பக்கம் சற்றுப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். தம்பி மகன் இப்போது ஒரு 34 அடிப் படகைப் பேசி வைத்திருக்கிறான், தண்ணீரிலிருந்து மேலே ஏற்றி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்க அடுத்த மாதம் நானும் போகிறேன். அது தேறிவிட்டால், வருகிற பிப்ரவரியில் நாகையில் கயிறு வாங்கிக் கட்ட நான் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்,
தேவகோட்டை