மின் கட்டணக் கூட்ட அறிவிப்பைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின் கட்டணம் பற்றிய போன வாரத் தலையங்கத்தில், ஆட்சேபம் உள்ளவர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து சொல்லியிருக்கலாமே என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இருபது வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன், இப்படி மனசு வருத்தப்பட்டதில்லை.

கட்டணத்தை மாற்றக் கேட்டு மின் வாரியம் கொடுக்கிற மனுவின் சுருக்கத்தை ஊரறிய வெளியிட வேண்டும், மக்கள் சொல்வதைக் கேட்ட பிறகே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்ய வேண்டும் என்று 2003ஆம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த அறிவிப்பு டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் கிடந்தால் யார் கண்ணில் படும்? 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை என்று மூன்றே ஊர்களில் கூட்டம் நடந்தது, செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம் வந்துவிட்டது. பொள்ளாச்சியில் தையல் மிஷின் மிதிக்கிறவர் கோவை போய்வர ஒரு நாள் கூலியை விடவேண்டும்.

காய்கறி விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போகலாம், மீட்டரைக் கழற்றிக்கொண்டு எங்கே போவது? வேறு கடையே இல்லாத வியாபாரத்தில் விலையும் தரமும் நியாயமாக இருக்கிறதா என்று பார்க்கத்தானே ஆணையம் என்று ஒன்றை வைத்தார்கள்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2023 கோடையில் 60 நாளில் எடுக்க வேண்டிய ரீடிங்கை 68ஆம் நாள் வந்து எடுத்தார்கள். வெள்ளை அட்டையில் 527 யூனிட் என்று எழுதிக் கொடுத்தார்கள், பில் 2,166 ரூபாய். அன்றைய கட்டணப்படி 500ஐத் தாண்டியதால் கடைசி 27 யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதோடு முடியவில்லை, 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது 4.50 ஆகிவிட்டது. அடுத்த தடவை குறைந்துவிடும் என்றார் எங்கள் பகுதி மின் அலுவலகத்தில் இருந்தவர். குறைந்தது உண்மைதான், 52 நாளில் 403 யூனிட், 1,143 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3,309. அதே 930 யூனிட்டை 465, 465 என்று ஒழுங்காக எடுத்திருந்தால் 3,030தான் வந்திருக்கும். அந்த 279 ரூபாய்க்காக நாலு தடவை நடந்தேன், கடைசியில் விட்டுவிட்டேன்.

மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 42ஆவது பிரிவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று அந்த நாலு தடவையும் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சேவை சொன்ன தரத்தில் இல்லாவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 57ஆவது பிரிவு. எங்கள் தெருவில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஃபேன் சுற்றுவதை எண்ணிவிடலாம், அவ்வளவு லோ வோல்டேஜ், பத்து வருஷமாக. இழப்பீடு என்ற வார்த்தையைக்கூட இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. நீங்களும் இதையெல்லாம் ஒரு நாளாவது எழுதியிருக்கலாம் அய்யா. கட்டணம் ஏறிய பிறகு எங்களைக் குறை சொல்ல மட்டும் இடம் இருக்கிறதே.

அடுத்த முறை ஆணையத்தின் அறிவிப்பு வரும்போது முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். கூட்டம் எங்கே, எந்தத் தேதி, தபாலில் ஆட்சேபம் அனுப்ப எந்த விலாசம், கடைசி நாள் எது. கீழே எங்கள் பகுதிக் குறைதீர் மன்றத்தின் விலாசமும் இருந்தால் நல்லது. நாலு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொள்ளாச்சி