செயலாளரின் ஆண்டறிக்கை: ஜார்ஜ் தெருவும் மேஜர் டெய்லரும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாராந்திர மிதிவண்டிச் சவாரிகள் வழக்கம்போல் நடந்தன. ஞாயிறன்று பந்தயம் ஓட்ட மறுத்த மேஜர் டெய்லரைப் போற்றிக்கொண்டு நாம் ஞாயிறன்றே சவாரி போகிறோம் என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார், குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, அமெரிக்காவின் வுஸ்டர் நகரில் வாழ்ந்த கறுப்பின மிதிவண்டிப் பந்தய வீரர் மார்ஷல் 'மேஜர்' டெய்லர் பற்றிய விளக்கப் பலகைகள். 'மேஜர்' படைப் பதவி அல்ல. இண்டியானாபொலிஸ் சைக்கிள் கடை வாசலில் சிப்பாய் உடையில் வித்தை காட்டிய சிறுவனுக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்.

1897இல் டான்டன் நகரப் பந்தயம் முடிந்ததும் தோற்றவர் ஒருவர் அவர் கழுத்தை நெரித்தது பலருக்குத் தெரிந்திருக்கிறது. பந்தயங்களை அவர் எப்படி வென்றார் என்பதுதான் தெரியவில்லை. எனவே பலகைகளில் தொழில்நுட்பத்துக்கே அதிக இடம் ஒதுக்கினோம். எதிராளிகள் கூடிப் பேசி முன்னும் பக்கவாட்டிலும் சூழ்ந்து அவரை அடைத்துவிடுவார்கள். பிரேக்கும் இல்லாத, மிதிப்பதை நிறுத்தவும் முடியாத பந்தயத் தட மிதிவண்டியில் அந்தக் கூண்டிலிருந்து வெளிவர, இடைவெளி தெரிந்த நொடியில் பாய வேண்டும். அதற்கு உதவியது அவர் பிரபலமாக்கிய நீட்டு ஸ்டெம், அதாவது கைப்பிடியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் நீளமான கம்பி. முன்னோக்கி நீளும் அந்தக் கம்பியில் கைப்பிடியைப் பற்றியிருக்கும் கிளாம்ப்பை நகர்த்தி, வேண்டிய தூரத்தில் போல்ட்டை முடுக்கலாம். முதுகு தட்டையாகும், காற்றெதிர்ப்பு குறையும். போல்ட் தளர்ந்தால் பாய்ச்சலின் நடுவே கைப்பிடி சுழன்றுவிடும். அதிகம் நீட்டினால் பாரம் முன்சக்கரத்தில் ஏறித் திருப்புவது மந்தமாகும்.

1899இல் மாண்ட்ரியலில் ஒரு மைல் உலகப் பட்டம் வென்றார். கறுப்பின உலகச் சாம்பியன்களில் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சனுக்கு அடுத்தவர் இவரே. அதே ஆண்டு, காற்றை மறைத்து முன்னே ஓடிய நீராவி வண்டியின் பின்னே ஒரு மைலை 1 நிமிடம் 19 விநாடிகளில் கடந்தார். அமெரிக்க மிதிவண்டியாளர் சங்கம் 1894இல் கறுப்பர்களுக்கு உறுப்பினர் கதவைச் சாத்தியது. அந்த விதியை முறைப்படி நீக்கியது 1999இல். டெய்லர் 1932இல் சிகாகோவில் தர்ம ஆஸ்பத்திரிப் படுக்கையில் இறந்து, அடையாளமில்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1948இல் பழைய பந்தய வீரர்கள், ஷ்வின் மிதிவண்டி நிறுவன உரிமையாளரின் பண உதவியுடன் உடலை எடுத்து முறையாக அடக்கம் செய்தார்கள். வுஸ்டர் பொது நூலக வாசலில் சிலை வர 2008 ஆகிவிட்டது.

அவர் பயிற்சி எடுத்த, வுஸ்டரின் ஜார்ஜ் தெரு ஏற்றத்துக்கான குறிப்பு: நீளம் 500 அடி, சராசரிச் சரிவு 18 சதவீதம்; அதாவது ஏறத்தாழ 90 அடி உயரம். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 32 பல் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். கியரை அடிவாரத்திலேயே மாற்றிவிடுங்கள். பாதி ஏற்றத்தில் மாற்றினால் இறுகிய செயின் ஏறாது, கழன்றும் போகும். உட்கார்ந்தபடி பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கும். எழுந்து அதிகம் முன்னே வந்தால், ஈரத் தரையில் பின்சக்கரம் வழுக்கும். டெய்லரிடம் கியர் மாற்றும் வசதியே கிடையாது என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிவிட்டு ஏறச் சொல்லவும்.

அடுத்த ஆண்டு, பழைய வடிவ ஸ்டெம் ஒன்றைச் செய்து, உறுப்பினர்கள் கையால் நீட்டிப் பார்க்கும்படி வைக்க உத்தேசம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

செயலாளர்